கேள்வி–பதில்: கள்ளக் கடிதமும் வாய் நீண்ட சாட்சியும்

ஈராக் அணுகுண்டுக்கு ஆபிரிக்காவில் யுரேனியம் தேடியது என்று 2003 ஈராக் போருக்கு அமெரிக்கா காட்டிய காரணத்தைக் குறை சொன்ன முன்னாள் தூதுவர் ஜோசப் வில்சனைப் பற்றிச் சென்ற இதழில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தோம்: "வில்சன் சொன்னது சரியாகப் போயிற்று." அந்த வரிக்கு இத்தனை கடிதம் வருமென்று நினைக்கவில்லை. பாதிப் பேர் அவரை வீரர் என்கிறார்கள். மீதிப் பேர் பொய்யர் என்கிறார்கள். ஆகவே இந்த இதழில் வேறு கேள்விகளுக்கு இடமில்லை. ஒடியல் கூழ் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்தருள்க.

வில்சன் யார்? நடந்ததைத் திகதி வரிசையில் சொல்வீர்களா? அரசறிவியல் பரீட்சைக்கு உதவும்.
— உயர்தர மாணவி, கொக்குவில்

பரீட்சைக்கு வருமோ தெரியாது தங்கச்சி, ஆனாலும் சொல்கிறோம். வில்சன் அமெரிக்க இராஜதந்திரி. 1970களில் மேற்கு ஆபிரிக்காவின் நைஜர் நாட்டில்தான் வேலையைத் தொடங்கினார். 1990இல் சதாம் ஹுசைன் குவைத்தைப் பிடித்தபோது பக்தாத் தூதரகம் அவர் பொறுப்பில் இருந்தது. தந்தை புஷ் அப்போது அவரைப் புகழ்ந்தார். பிறகு காபோனில் தூதுவர்.

2002 தொடக்கத்தில், ஈராக் நைஜரிடம் யுரேனியம் வாங்குகிறது என்ற வெளிநாட்டுப் புலனாய்வுத் தகவல் ஒன்று வாஷிங்டனில் சுற்றியது. உப ஜனாதிபதி டிக் செனி அதைப் பற்றி மேலும் விவரம் கேட்டார். நைஜரில் ஆட்களைத் தெரிந்தவர் என்பதால் பெப்ரவரியில் சி.ஐ.ஏ. வில்சனை அங்கே அனுப்பியது. பயணச் செலவு மட்டும், சம்பளம் இல்லை. எட்டு நாள் தலைநகர் நியாமியில் தங்கிப் பழைய அமைச்சர்களையும் சுரங்கத் தொழில் தெரிந்தவர்களையும் கண்டார். அங்குள்ள யுரேனியச் சுரங்கங்கள் பிரான்ஸ், ஜப்பான், ஸ்பெயின் நிறுவனங்களும் பங்கு வைத்திருந்த கூட்டுக் கம்பனிகள். பங்காளிகள் எல்லோர் கண்ணையும் கட்டிவிட்டு நூற்றுக்கணக்கான தொன்னை வெளியே எடுப்பது நடக்கிற காரியமல்ல என்று திரும்பி வந்து வாய்மொழியாகச் சொன்னார். சி.ஐ.ஏ. அதை எழுதி 2002 மார்ச் 8ஆம் திகதி மற்றத் துறைகளுக்கு அனுப்பியது.

2003 ஜனவரி 28: ஜோர்ஜ் புஷ் காங்கிரஸில் ஆற்றிய ஆண்டுரையில், சதாம் அண்மையில் ஆபிரிக்காவிலிருந்து பெருமளவு யுரேனியம் பெற முயன்றதைப் பிரித்தானிய அரசு அறிந்திருக்கிறது என்றார். ஆங்கிலத்தில் அது 16 சொல். மார்ச் 20இல் போர். ஜூலை 6ஆம் திகதி வில்சன் நியூயோர்க் டைம்ஸில், தான் போய்ப் பார்த்ததையும் அரசு சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதினார். மறுநாளே வெள்ளை மாளிகை, அந்த 16 சொல் உரையில் வந்திருக்கக் கூடாது என்று ஒப்புக்கொண்டது. ஜூலை 11ஆம் திகதி சி.ஐ.ஏ. பணிப்பாளர் ஜோர்ஜ் டெனற் பொறுப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். ஜூலை 14ஆம் திகதி றொபேட் நோவாக் என்ற பத்தி எழுத்தாளர், வில்சனின் மனைவி வலரி பிளேம் சி.ஐ.ஏ. ஆள், கணவரை அனுப்பச் சொன்னதே அவர்தான் என்று இரண்டு உயரதிகாரிகளை மேற்கோள் காட்டி எழுதினார்.

அந்த நாளில் யுரேனியம் பற்றிய பேச்சு நின்றது, புருஷன் பெண்சாதி பற்றிய பேச்சுத் தொடங்கியது.

நைஜர் ஈராக்குக்கு யுரேனியம் விற்பதாகக் காட்டிய கடிதங்கள் போலி என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? பெரிய ஆய்வுகூட வேலையா?
— நொத்தாரிசு அலுவலக எழுதுவினைஞர், சாவகச்சேரி

இல்லை. உங்கள் மேசையில் கள்ளக் காணி உறுதி எப்படிப் பிடிபடுமோ அப்படியே பிடிபட்டது. கையெழுத்தைப் பூதக்கண்ணாடியில் பார்க்க முன்பே, கையெழுத்து வைத்தவர் அந்தத் திகதியில் அந்தப் பதவியில் இருந்தாரா என்று நீங்கள் பார்ப்பீர்கள் அல்லவா?

ஆண்டுக்கு 500 தொன் யுரேனியம் என்று பேசிய இந்தக் கட்டு, 2002 ஒக்டோபரில் ஓர் இத்தாலியச் சஞ்சிகையின் நிருபருக்கு ஒரு தரகர் மூலம் கிடைத்து, அவர் கையால் ரோமிலுள்ள அமெரிக்கத் தூதரகத்துக்குப் போனது. வியன்னாவிலுள்ள சர்வதேச அணுசக்தி முகவரகம் பல மாதம் கேட்டும் பிரதி 2003 பெப்ரவரியில்தான் அதன் கைக்கு வந்தது. வந்த பிறகு அதிக நேரம் செல்லவில்லை. கூகிளில் தேடியே பிழைகள் வெளிப்பட்டன. 2000 ஒக்டோபர் 10 என்று திகதியிட்ட கடிதத்தில் வெளிநாட்டமைச்சராகக் கையெழுத்திட்டிருந்தவர் 1989இலேயே அந்தப் பதவியை விட்டவர். ஜனாதிபதி எழுதியதாகச் சொன்ன கடிதம் 1965ஆம் ஆண்டின் அரசியலமைப்பைக் காட்டியது. நைஜர் 1999இல் புதிய அரசியலமைப்பு ஏற்றிருந்த நாடு. மார்ச் 7ஆம் திகதி, போருக்கு 13 நாள் முன்பாக, முகவரகத்தின் தலைவர் மொஹமட் எல்பராடி பாதுகாப்புச் சபையில் இவை மெய்யானவை அல்ல என்று சொல்லிவிட்டார்.

இங்கே ஒன்றைக் குறித்து வையுங்கள், அடுத்த பதிலுக்கு வேண்டும்: கடிதங்கள் அமெரிக்கர் கைக்கு வந்தது, வில்சன் நைஜருக்குப் போய் எட்டு மாதம் கழித்து.

வில்சன் பொய்யர் என்று அமெரிக்க செனட் குழுவே தீர்த்துவிட்டதே. நீங்கள் எப்படி "சரி" என்று எழுதலாம்?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், பருத்தித்துறை

ஐயா, செனட் புலனாய்வுக் குழுவின் அறிக்கை 2004 ஜூலை 9இல் வந்தது. ஐந்நூறு பக்கத்துக்கு மேல். அதில் இரண்டு வகைப் பக்கங்கள் உண்டு. முன்பகுதி, இரு கட்சி உறுப்பினரும் சேர்ந்து ஏற்றது. பின்னால் "மேலதிகக் கருத்துகள்" என்று, விரும்பிய உறுப்பினர் தம் பெயரில் எழுதிச் சேர்த்தது. வில்சனைக் கடுமையாகச் சாடும் முடிவுரைகள் பின்பகுதியில் இருக்கின்றன. கையொப்பம் பற் றொபேட்ஸ், கிற் பொண்ட், ஒறின் ஹச் என்ற மூன்று குடியரசுக் கட்சிக்காரருடையது. ஜனநாயகக் கட்சியினர் உடன்படாததால்தான் அவை முன்பகுதிக்குள் வரவில்லை. "செனட் குழு சொன்னது" என்று யாராவது ஆரம்பித்தால், எந்தப் பக்கம் என்று கேளுங்கள்.

ஆனால் வில்சனின் ஆதரவாளர்கள் இத்தோடு கடையைக் கட்டிவிட முடியாது. முன்பகுதியிலேயே அவருக்குத் தலைவலியான மூன்று விஷயங்கள் உண்டு.

ஒன்று, மனைவி. இந்தப் பயணத்தில் மனைவிக்குச் சம்பந்தமே இல்லை என்பது வில்சனின் நிலைப்பாடு. 2002 பெப்ரவரி 12ஆம் திகதி பிளேம் மேலதிகாரிக்கு எழுதிய குறிப்பில், தன் கணவருக்கு நைஜர் பிரதமரோடும் முன்னாள் சுரங்க அமைச்சரோடும் நல்ல உறவு உண்டு என்று இருக்கிறது. 2007இல் சத்தியம் செய்து சாட்சியமளித்த பிளேம், யோசனை இன்னொரு ஊழியருடையது, தனக்கு ஆள் அனுப்பும் அதிகாரமே இருக்கவில்லை என்றார். அனுப்பும் முடிவை எடுத்தவர் அவர் அல்லர் என்பதை ஏற்கலாம். சம்பந்தமே இல்லை என்பது நிற்காது.

இரண்டு, கடிதங்கள். அவற்றில் திகதியும் பெயரும் பிழை என்பதைத் தானே கண்டு சொன்னது போல் வில்சன் பத்திரிகையாளரிடம் பேசியிருந்தார். மேலே குறிக்கச் சொன்னதைப் பாருங்கள். அவர் பயணம் போனபோது கடிதமே வந்திருக்கவில்லை. குழுவின் அலுவலர்கள் கேட்டபோது, தவறாகப் பேசியிருக்கலாம் என்றார். நுணலும் தன் வாயால் கெடும். கையில் வலுவான சாட்சியத்தை வைத்துக்கொண்டு, அதற்கு மேல் ஒரு பிடி சேர்த்து அளந்ததால் வந்த வினை இது.

மூன்றாவதுதான் கனமானது. நைஜரின் முன்னாள் பிரதமர் இப்ராஹிம் மயாகி வில்சனிடம் ஒரு சேதி சொல்லியிருந்தார். 1999 ஜூனில் ஒரு வணிகர் வந்து, ஈராக்கியக் குழுவொன்றைச் சந்தித்து "வணிக உறவை விரிவாக்குவது" பற்றிப் பேசும்படி கேட்டாராம். அது யுரேனியத்தைத்தான் குறிக்கும் என்று மயாகி ஊகித்துப் பேச்சை மாற்றிவிட்டார். வில்சனின் பத்திரிகைக் கட்டுரையில் இது இல்லை. ஆனால் சி.ஐ.ஏ. அனுப்பிய அறிக்கையில் இருந்தது. அதை வாசித்த ஆய்வாளரில் பெரும்பாலானவர்களுக்கு முந்திய சந்தேகம் இன்னும் வலுத்தது. வெளிவிவகாரத் திணைக்களத்தின் ஆய்வாளர்களோ, நைஜர் விற்காது என்ற தங்கள் கணிப்புக்கு இது துணை என்று கொண்டார்கள். ஒரே தாள், இரண்டு வாசிப்பு. ஆகவே, என் அறிக்கையோடு விஷயம் முடிந்துவிட்டது என்ற தொனியில் வில்சன் பேசியது மிகை.

எதிர்த்தரப்பின் கணக்கிலும் ஒரு மிகை உண்டு. "செனி என்னை அனுப்பினார் என்று வில்சன் பொய் சொன்னார்" என்பார்கள். கட்டுரையை எடுத்து வாசியுங்கள். செனியின் அலுவலகத்துக்கு ஒரு தகவலில் கேள்விகள் இருப்பதாக சி.ஐ.ஏ. அதிகாரிகள் தனக்குச் சொன்னார்கள் என்றுதான் எழுதியிருக்கிறார். சொல்லாததைச் சொன்னதாக்கி, பிறகு அதைப் பொய் என்று நிரூபிப்பது எளிது.

வில்சனின் பேச்சு எப்படியோ போகட்டும். பிரித்தானிய அரசு தன் தகவல் சரி என்று பிறகும் சொன்னதே?
— வாசகர், நெல்லியடி

நல்ல கேள்வி. இதை விளங்கிக்கொள்ள இரண்டு வினைச்சொல் போதும்: "வாங்கியது", "வாங்கக் கேட்டது". வில்சன் மறுத்தது முதலாவதை. புஷ் உரையில் இருந்தது இரண்டாவது. இருபது வருடமாக இரு தரப்பும் ஒருவர் வினைச்சொல்லுக்கு மற்றவர் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

போருக்கு முந்திய புலனாய்வு பற்றிப் பிரித்தானியா நடத்திய விசாரணையின் பட்லர் அறிக்கை 2004 ஜூலை 14இல் வந்தது. அது, "கேட்டது" என்பதற்குப் பிரித்தானியாவிடம் ஆதாரம் இருந்தது, புஷ்ஷின் வாக்கியம் நன்கு ஊன்றியது என்றது. அந்த ஆதாரம் போலிக் கடிதத்தில் தங்கியதல்ல என்றும் சொன்னது. அடிப்படை, 1999 தொடக்கத்தில் ஈராக்கிய இராஜதந்திரி ஒருவர் நைஜருக்குப் போன பயணம். நைஜரின் ஏற்றுமதியில் பெரும்பங்கு யுரேனியம் என்பதால் வேறு எதற்குப் போயிருப்பார் என்ற ஊகமும் அதோடு சேர்ந்தது. வத்திக்கானில் தூதுவராக இருந்த அந்த விசாம் அல்-சஹாவி, நைஜர் ஜனாதிபதியை ஈராக்குக்கு அழைக்கத்தான் போனேன் என்று பிற்பாடு சொன்னார்.

ஒரு கள்ள உறுதி பிடிபட்டதால் அந்தக் காணிக்கு வேறு உறுதியே இருக்க முடியாது என்று ஆகாது. அது பிரித்தானியர் பக்க நியாயம். ஆனால் அந்த "வேறு உறுதி" எவ்வளவு பலம் என்பதை சி.ஐ.ஏ. வில்சனைக் கேட்காமலே எடை போட்டிருந்தது. 2002 ஒக்டோபர் 7இல் சின்சினாட்டியில் புஷ் பேசவிருந்த உரையில் இதே மாதிரி ஒரு வரி இருந்தது. டெனற் நேரே தொலைபேசியில் சொல்லி அதை எடுப்பித்தார். உதவி பாதுகாப்பு ஆலோசகர் ஸ்டீபன் ஹட்லி அதை 2003 ஜூலை 22இல் ஒப்புக்கொண்டார். ஒக்டோபரில் எடுத்த வரி ஜனவரியில் திரும்ப வந்தது, இந்த முறை பிரித்தானியாவின் தோளில் ஏறி. வில்சன் பிறந்தேயிருக்காவிட்டாலும் இந்த முரண்பாடு அப்படியே நிற்கும். எங்கள் ஒரு வரிக்கு அடிப்படை இதுதான். அந்த வரியை "வில்சன் சொன்னதில் முக்கியமானது சரியாகப் போயிற்று" என்று எழுதியிருக்க வேண்டும். அது எங்கள் பிழை.

ஈராக்கிலிருந்து 550 தொன் யுரேனியம் கனடாவுக்குக் கப்பலில் வந்ததாம். மகன் மொன்றியலில் இருந்து வட்ஸ்அப்பில் அனுப்பினான். அப்படியானால் புஷ் சொன்னது உண்மைதானே?
— தாயார், மானிப்பாய்

வந்தது உண்மை அம்மா, மகன் இருக்கிற மொன்றியல் துறைமுகத்துக்கே 2008 ஜூலையில் வந்தது. அதிலிருந்து எடுத்த முடிவுதான் பிழை.

அது "யெலோகேக்" எனப்படும் மஞ்சள் தூள். சுரங்கக் கல்லை அரைத்து, அமிலத்தில் கரைத்து, உலர்த்தி எடுப்பது. இயற்கை யுரேனியத்தில் வெடிக்கு உதவும் வகை நூற்றுக்கு 0.7 பங்குதான். குண்டுக்கு ஏறக்குறைய 90 பங்கு வேண்டும். அதற்குத் தூளை முதலில் வாயுவாக்கி, ஆயிரக்கணக்கான மையநீக்கிகளில் மாதக்கணக்கில் சுழற்ற வேண்டும். ஈராக்கின் அந்த ஏற்பாடுகள் 1991 போரிலும் அதன் பின் வந்த பரிசோதகர்கள் கையிலும் அழிந்துவிட்டன.

கப்பலில் போனது 1991க்கு முன்பே ஈராக் வைத்திருந்த சரக்கு. பக்தாத்துக்குத் தெற்கே துவைதாவில், அணுசக்தி முகவரகம் எண்ணி முத்திரை வைத்த பீப்பாய்களில் கிடந்தது. புதிதாக நைஜரில் வாங்கியது அல்ல. சொல்லப்போனால் வாதம் மறுபக்கம் திரும்புகிறது: 550 தொன் வீட்டிலேயே கிடக்க, அதைச் சுழற்ற இயந்திரம் இல்லாதவன் இன்னும் 500 தொன் ஏன் வாங்குவான்? 2003இல் பக்தாத் விழுந்தபோது காவலில்லாமல் போய், அயலூர்ச் சனம் தூளைக் கொட்டிவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் பீப்பாய்களைத் தூக்கிப்போன கூத்தும் நடந்தது. மிச்சம் 3,500 பீப்பாய்களில், 37 இராணுவ விமானப் பயணங்களில் இந்து சமுத்திரத்திலுள்ள டியாகோ கார்சியாவுக்குப் போய், அங்கிருந்து கப்பலேறியது. 2021இல் புகலிடம் தேடி எங்கள் பிள்ளைகள் ஏறிய படகு போய்ச் சேர்ந்த அதே தீவு.

வில்சன் மனைவியின் பெயரை வெளியிட்டவர் செனியின் ஆள் லிபிதானே? ஒரு வார்த்தையில் சொல்லவும்.
— வாசகர், சுன்னாகம்

ஒரு வார்த்தையில் முடியாது. நோவாக்குக்கு முதலில் சொன்னவர் வெளிவிவகாரப் பிரதிச் செயலாளர் றிச்சட் ஆர்மிற்றேஜ். உறுதிப்படுத்தியவர் புஷ்ஷின் அரசியல் ஆலோசகர் கார்ல் றோவ். செனியின் அலுவலகப் பிரதானி லூயிஸ் லிபி வேறொரு நிருபரிடம் சொன்னார். லிபி தண்டனை பெற்றது பெயரை வெளியிட்டதற்கு அல்ல, பெயர் எப்படிக் கசிந்தது என்ற விசாரணையில் பொய் சொன்னதற்கும் அதைத் தடை செய்ததற்கும். 2007 மார்ச் 6இல் ஐந்து குற்றச்சாட்டில் நான்கில் குற்றவாளி. 30 மாதச் சிறையை ஜூலை 2இல் புஷ் நீக்கினார், 250,000 டொலர் தண்டம் நின்றது. 2018 ஏப்ரலில் ட்ரம்ப் முழு மன்னிப்புக் கொடுத்தார். ஆர்மிற்றேஜைக் காட்டி "சதியே இல்லை" என்பவர்களும், லிபியைக் காட்டி "எல்லாம் சதி" என்பவர்களும் மற்றவர் காட்டும் ஆளை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

வில்சன் கட்சிக்காரர்தானே? ஜோன் கெரிக்கு வேலை செய்தவர்.
— வாசகர், வட்டுக்கோட்டை

2004 தேர்தலில் புஷ்ஷை எதிர்த்து நின்ற கெரியை ஆதரித்தார், மறைக்கவில்லை. 2000 தேர்தலுக்கு அல் கோருக்கும் புஷ்ஷுக்கும் இருவருக்குமே பணம் கொடுத்திருந்தார். நைஜர் பயணம் 2002இல். கட்சிச் சாயத்தைப் பூசுவதானால் எந்தத் திகதியில் பூசுகிறோம் என்று பார்க்க வேண்டும்.

இப்படி ஆளை அடிப்பது அமெரிக்கப் பழக்கமா?
— பல்கலைக்கழக மாணவர், திருநெல்வேலி

அதே மாதங்களில் இன்னும் இரண்டு நாட்டில் நடந்தது. பிரித்தானியாவில் ஆயுத நிபுணர் டேவிட் கெலி, அரசின் ஈராக் ஆவணத்தைப் பற்றி பி.பி.சி. நிருபரோடு பேசியிருந்தார். பாதுகாப்பு அமைச்சு அவர் பெயரைத் தானாகச் சொல்லவில்லை. நிருபர் சரியான பெயரைச் சொன்னால் ஆமென்று சொல்லலாம் என்று பேச்சாளருக்கு வழி வைத்தது. நிருபர்கள் ஒவ்வொரு பெயராகக் கேட்டுப் பிடித்துவிட்டார்கள். 2003 ஜூலை 15இல் நாடாளுமன்றக் குழு முன் நிறுத்தப்பட்டவர், 17ஆம் திகதி வீட்டை விட்டுப் போனார், மறுநாள் உடல்தான் கிடைத்தது. அவுஸ்திரேலியாவில் அன்ட்ரூ வில்கி, போரை எதிர்த்து, அது தொடங்க ஒன்பது நாள் முன்பு புலனாய்வு ஆய்வு அலுவலகத்திலிருந்து விலகினார். அவர் எழுதிய இரகசிய அறிக்கையின் துண்டுகளே ஜூனில் அவருக்கு எதிரான பத்தியொன்றில் வந்தன. இரகசியம் காக்காதவர் என்று குற்றஞ்சாட்ட இரகசியத்தையே கசியவிட்டார்கள். வில்கி 2010இல் சுயேச்சையாக நாடாளுமன்றம் போனார்.

எங்கள் வாசிகசாலையிலும் இதே சண்டைதான். யாராவது புலனாய்வைக் குறை சொன்னால் ஒருவர் கும்பிடுகிறார், மற்றவர் காறித் துப்புகிறார். நாங்கள் எப்படிச் சோதிப்பது?
— சனசமூக நிலையச் செயலாளர், அளவெட்டி

முதலில் அவர் சொன்ன வாக்கியத்தை அவர் வாயிலிருந்தே எடுத்து ஒரு தாளில் எழுதுங்கள். எதிராளியின் சுருக்கத்திலிருந்து எடுத்தால் செனி கதைதான். பிறகு அந்தப் பேச்சை மூன்றாகக் கிழியுங்கள்: தானே கண்டது, பிறர் சொல்லக் கேட்டது, ஊகித்தது. நியாமியில் யாரைச் சந்தித்தார் என்பது வில்சன் கண்டது. கடிதத்தின் பிழை கேட்டது. வெள்ளை மாளிகை வேண்டுமென்றே திரித்தது என்பது ஊகம். மூன்றுக்கும் ஒரே மதிப்பைப் போடுவதால்தான் ஒரு துண்டு பிழைத்தவுடன் எல்லாம் சரிகிறது.

"ஆளைப் பார்க்காதே, சொன்னதைப் பார்" என்று சிலர் பெரிய மனதோடு சொல்வார்கள். அது பாதிதான் சரி. அவர் வாயைத் தவிர வேறு சாட்சியம் இல்லாத இடத்தில் ஆளைப் பார்க்கத்தான் வேண்டும். பழைய வாக்குமூலம், யாரிடம் பணம் வாங்கினார், எப்போது கட்சி மாறினார் எல்லாம் அங்கே செல்லும். தாள் இருக்கும் இடத்தில் தாளைப் பாருங்கள், ஆள் யாராயிருந்தால் என்ன.

தாளை எடுக்க இங்கே இலங்கையிலும் வழி உண்டு. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் பற்றிய விவாதத்தில் யார் பேச்சையும் நம்பாமலே ஒரு விஷயம் உறுதி: முதல் எச்சரிக்கை ஏப்ரல் 4ஆம் திகதி வந்தது, தாக்குதல் 21ஆம் திகதி. 2023 ஜனவரி 12இல் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதியையும் அதிகாரிகளையும் இழப்பீடு கட்டச் சொன்னது ஒருவரின் குணநலத்தை வைத்து அல்ல, இப்படியான கடிதங்களையும் திகதிகளையும் வைத்து.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டத்தில் நீங்களும் கேட்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. 14 வேலை நாளுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் அதே அலுவலகத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதற்குப் பிறகு இரண்டு மாதத்துக்குள் ஆணைக்குழு. தேசியப் பாதுகாப்பு என்று 5ஆம் பிரிவைக் காட்டுவார்கள். அப்போது இரண்டு விஷயம் எழுதிக் கேளுங்கள்: பொதுநலன் பெரிதென்றால் அந்த விலக்குச் செல்லாது என்று அதே பிரிவு சொல்வதை, மறைக்க வேண்டிய பகுதியை மறைத்துவிட்டு மிச்சத்தைத் தரலாம் என்று 6ஆம் பிரிவு சொல்வதை. "புலனாய்வு அறிக்கை எல்லாம் தா" என்று கேட்டால் வெறுங்கையோடு வருவீர்கள். இன்ன திகதிக்கும் இன்ன திகதிக்கும் இடையில் இன்ன அலுவலகத்துக்கு வந்த கடிதங்களின் பதிவேட்டுப் பக்கம் என்று கேளுங்கள். விண்ணப்பத்தைக் கொடுக்கும்போது திகதி போட்ட பற்றுச்சீட்டை வாங்காமல் கந்தோரை விட்டு இறங்க வேண்டாம். அது இல்லாவிட்டால் அந்த 14 நாள் எங்கே தொடங்குகிறது என்பதே அடுத்த சண்டையாகிவிடும்.